இடம் கொடுத்து உயர்ந்த கலைஞர்: ஜான் லெ மெஷரர்



பழைய பிரிட்டிஷ் சினிமாவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஹிட்ச்காக், டேவிட் லீன், லாரன்ஸ் ஒலிவியர், அலெக் கின்னஸ் என்று தொடங்குவார்கள். அவர்களைப் பற்றிப் பேச எப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் சினிமா சுவரொட்டிகளில் கடைசி வரிசையில் சிறிய எழுத்தில் இடம்பெற்ற ஒரு குணச்சித்திர நடிகர். 120-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். பெரும்பாலானவற்றில் அவர் வந்து போவது சில நிமிடங்கள்தான். டாக்டர், மாஜிஸ்திரேட், வக்கீல், சிறை அதிகாரி, கர்னல், பட்லர் என்று வேஷங்கள் மாறும். சற்றே வாடிய அந்த நீண்ட முகமும், எதையோ நினைத்துக் கவலைப்படும் கண்களும், அவசரமே அறியாத அந்தக் குரலும் மாறுவதில்லை. அவர் பெயர் ஜான் லெ மெஷரர்.

"முகம் நன்றாகத் தெரியும், பெயர்தான் வாயில் வரவில்லை" என்று ரசிகர்கள் சொல்லும் வரிசையில் இருபது ஆண்டுகள் இருந்தவர் அவர். 56 வயதில் ஒரு தொலைக்காட்சித் தொடர் அவரைப் பிரிட்டன் முழுக்க வீட்டு மனிதராக்கியது. அதற்குப் பிறகும் அவர் முன்னால் வந்து நிற்கப் பார்க்கவில்லை. எதிரில் நடிப்பவருக்கு இடம் கொடுப்பதையே தன் நடிப்பாக்கிக்கொண்டார். அப்படி இடம் கொடுத்ததனால்தான் இன்றைக்குப் பார்த்தாலும் நம் கண் அவரைத் தேடிப் போகிறது. இந்த ஒரு கருத்தை உங்கள் முன் வைத்து, அவர் நடித்த சில காட்சிகளைக் கொண்டே அதை நிறுவ விரும்புகிறேன்.

1912 ஏப்ரல் 5 அன்று இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் பிறந்தார். வளர்ந்தது சஃபோக் மாவட்டத்தில் உள்ள பெரி செயின்ட் எட்மண்ட்ஸ். அப்பா வக்கீல், வசதியான குடும்பம். டார்செட்டில் உள்ள ஷெர்பர்ன் பள்ளியில் தங்கிப் படித்தார். கணிதமேதை ஆலன் டூரிங் அதே காலத்தில் அதே பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளி லெ மெஷரருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கப் பார்த்த அந்த இடத்தைப் பற்றித் தன் சுயசரிதையில் கசப்போடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அங்கே கிடைத்த பேச்சும் நடையும் அவரோடு ஒட்டிக்கொண்டன. பிற்காலத்தில் அந்தப் பேச்சையும் நடையையும் வைத்துத்தான் அந்த வர்க்கத்தை உள்ளிருந்தே படம்பிடித்துக் காட்டினார்.

பள்ளி முடிந்ததும் அப்பாவின் வழியில் ஊரிலேயே ஒரு வக்கீல் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். மனம் நாடகத்தில் இருந்தது. 1933-இல் அதை விட்டுவிட்டு லண்டனில் ஃபே காம்ப்டன் நடத்திய நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே உடன் படித்தவர் அலெக் கின்னஸ். அடுத்த ஆண்டு எடின்பரோவில் ஒரு ரெபர்டரி குழுவில் வேலை கிடைத்தது. அப்பாவின் குடும்பப் பெயர் ஹாலிலி. தொடக்கத்தில் மேடையில் அந்தப் பெயர்தான். சில ஆண்டுகளில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான லெ மெஷரரை எடுத்துக்கொண்டார்.

ரெபர்டரி என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் குணச்சித்திர நடிகர்கள் பலரும் புடம்போட்டு எடுக்கப்பட்டது அங்கேதான். ஊருக்கு ஊர் ஒரு அரங்கு, அதற்கென்று ஒரு நிரந்தரக் குழு. பல குழுக்களில் வாரத்துக்கு ஒரு நாடகம். மாலையில் இந்த வார நாடகத்தை நடிக்க வேண்டும், பகலில் அடுத்த வாரத்துக்கு ஒத்திகை பார்க்க வேண்டும், இரவில் வசனம் உருப்போட வேண்டும். இன்று வேலைக்காரன், அடுத்த வாரம் பிஷப், அதற்கடுத்த வாரம் கொலைகாரன். முழு மனிதனை விவரமாகக் கட்டி எழுப்ப அங்கே நேரம் கிடையாது. ஒரு நடை, ஒரு பார்வை, தொப்பியைக் கையில் பிடிக்கும் விதம், இவற்றை வைத்தே ஆளை நிறுத்திவிட வேண்டும். பிற்காலத்தில் இரண்டு நிமிடக் காட்சியில் ஒரு முழு மனிதரை நமக்குத் தெரிந்தவராக்கிவிடும் அந்தத் திறமை இந்த உழைப்பில் வந்தது.

யுத்தம் வந்தது. 1940-இல் ராயல் ஆர்மர்ட் கோரில் சேர்ந்து கேப்டன் பதவி வரை உயர்ந்தார். 1943-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்துக்கு அனுப்பப்பட்டு, யுத்தம் முடியும்வரை அங்கே இருந்தார். இந்த ராணுவ அனுபவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது ஒரு பாத்திரத்துக்குள் புகுந்துவிடுகிறது.

1948-இல் சினிமாவுக்கு வந்தார். ஐம்பதுகளில் அவரை நன்றாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தியவர்கள் போல்டிங் சகோதரர்களான ஜானும் ராயும். ராணுவம், நீதிமன்றம், வெளியுறவுத்துறை, தொழிற்சாலை என்று பிரிட்டனின் ஒவ்வொரு பெரிய அமைப்பையும் கேலிசெய்து அவர்கள் வரிசையாகப் படம் எடுத்தார்கள். அந்த அமைப்புகளுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. நல்ல குடும்பத்தில் பிறந்த, படித்த, நடப்பது எதுவும் தன் கையில் இல்லை என்று தெரிந்த முகம். லெ மெஷரருக்கு அது பொருந்திப்போனது.

1959-இல் வந்த 'ஐ'ம் ஆல் ரைட் ஜாக்' படத்தைப் பாருங்கள். ஒரு ஆயுதத் தொழிற்சாலை. ஃபிரெட் கைட் என்ற தொழிற்சங்கத் தலைவராகப் பீட்டர் செல்லர்ஸ் நடித்திருக்கிறார். படத்தின் பேரும் புகழும் அவருக்கே போயிற்று, அது நியாயம்தான். அதே படத்தில் வாட்டர்ஸ் என்று ஒருவர் வருகிறார். தொழிலாளி ஒரு வேலையைச் செய்ய எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறான் என்று ஸ்டாப்வாட்சை வைத்து அளக்கும் அதிகாரி. தொழிலாளர்கள் கண்ணில் படாமல் அளந்தாக வேண்டும். உலகம் தெரியாத இளைஞன் ஸ்டான்லி, எவ்வளவு வேகமாக வேலை செய்யலாம் என்று அவரிடம் வெள்ளந்தியாகச் செய்துகாட்டுகிறான். அதிலிருந்துதான் வேலைநிறுத்தமே வெடிக்கிறது.

இந்த வாட்டர்ஸுக்கு லெ மெஷரர் ஒன்று கொடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் திடீரென்று ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும். அடுத்த கணம் ஒன்றும் நடக்காததுபோல் அதே சாந்தமான குரலில் பேச்சு தொடரும். மனித உடம்பின் ஒவ்வொரு அசைவையும் கணக்கெடுக்கும் ஒருவரின் உடம்பே அவர் சொல்பேச்சு கேட்பதில்லை. நாள் முழுக்க ஒளிந்து நின்று அடுத்தவரை வேவு பார்ப்பவரின் நரம்பு என்னவாகும் என்பதை அந்த ஒரு வெட்டில் சொல்லிவிடுகிறார். இதற்கு வசனம் கிடையாது. அதை அவர் சிரிப்புக்காக நீட்டுவதும் இல்லை. எதிரில் ஸ்டான்லியாக நடிக்கும் இயன் கார்மைக்கேலின் குழந்தைத்தனமான உற்சாகம் எடுபடட்டும் என்று ஓரமாகவே நிற்கிறார்.

பந்தியில் நன்றாகப் பரிமாறுகிறவர் இலையைத்தான் பார்ப்பார். தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்க மாட்டார். லெ மெஷரர் அந்த ரகம். அதே 1959-இல் ஹாமர் நிறுவனம் எடுத்த 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' படத்தில் பீட்டர் குஷிங் ஷெர்லாக் ஹோம்ஸ், இவர் பட்லர் பேரிமோர். அடுத்த ஆண்டு வந்த 'ஸ்கூல் ஃபார் ஸ்கவுண்ட்ரல்ஸ்' படத்தில் காதலியோடு வந்த அப்பாவி வாடிக்கையாளரை அலட்சியமாக நடத்தும் உணவகத் தலைமைப் பரிமாறுநர். 1969-இல் வந்த 'தி இட்டாலியன் ஜாப்' படத்தில் சிறை அதிகாரி. சிறைக்குள் இருந்துகொண்டே அரசரைப்போல் வலம்வரும் கொள்ளைக் கூட்டத் தலைவராக நோயல் கவர்ட் நடித்தார். கைதி வந்து புகார் சொல்ல, சிறை அதிகாரி பவ்யமாகக் கேட்டுக்கொள்கிறார். அந்தக் கைதியின் செல்வாக்கு எவ்வளவு என்பதை இந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்கிறோம்.

இனி டோனி ஹான்காக். ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் பிரிட்டனின் மிகப் பெரிய நகைச்சுவைக் கலைஞர் அவர். லெ மெஷரரின் நெருங்கிய நண்பர். ஹான்காக்கின் தொலைக்காட்சித் தொடரில் லெ மெஷரர் அடிக்கடி வருவார். 1961-இல் வந்த 'தி ரெபெல்' படத்தில் ஹான்காக் ஒரு அலுவலகக் குமாஸ்தா, லெ மெஷரர் மேலாளர். கணக்குப் பேரேட்டைத் திறந்தால் தொகைகளுக்குப் பதிலாகக் கிறுக்கல் படங்கள். வேறொரு நடிகராக இருந்தால் அந்த இடத்தில் கத்தித் தீர்த்திருப்பார். இவருக்குக் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக வருகிறது. இந்த மனிதனுக்கு உடம்புக்கு என்னவோ என்று கவலைப்படுகிறார். மேலாளர் அக்கறை காட்டக் காட்ட, குமாஸ்தாவின் கலைக் கிறுக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

1963-இல் வந்த 'தி பஞ்ச் அண்ட் ஜூடி மேன்' அவ்வளவாகப் பேசப்படாத படம். அதில் லெ மெஷரர் செய்த பாத்திரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு கடற்கரை ஊர். ஹான்காக் அங்கே பொம்மலாட்டக்காரர். ஊர்ப் பெரிய மனிதர்கள் கடற்கரைக் கலைஞர்களைக் கேவலமாகப் பார்க்கிறார்கள். லெ மெஷரர் கடற்கரையில் மணல் சிற்பம் செய்பவர். இரவு அலை வந்தால் போய்விடும் சிற்பங்கள். மறுநாள் காலை மறுபடியும் தொடங்க வேண்டும். அந்த மனிதர் தன் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை குறைபட்டுக்கொள்வதில்லை. தன் வேலையைத் தெரிந்தவனுக்குரிய கண்ணியத்தோடு மணலருகே நிற்கிறார். குமுறிக்கொண்டே இருக்கும் ஹான்காக்கின் பக்கத்தில் இந்த அமைதி இல்லையென்றால் படத்துக்கு உயிர் இருந்திருக்காது.

இந்த இடத்தில் அவருடைய சொந்த வாழ்க்கையைத் தொட்டுச் செல்லத்தான் வேண்டும். 1949-இல் அவர் மணந்தவர் 'கேரி ஆன்' படங்களில் புகழ்பெற்ற ஹாட்டி ஜேக்ஸ். ஹாட்டியின் மனம் வேறொருவரிடம் போனது. 1965-இல் விவாகரத்து வந்தபோது, ஹாட்டியின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டு அவருடைய தொழில் கெட்டுவிடக் கூடாதென்று குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டார் லெ மெஷரர். அடுத்த ஆண்டு ஜோனை மணந்தார். சிறிது காலத்திலேயே ஜோன் ஹான்காக்கோடு போய்விட்டார். குடியால் அழிந்துகொண்டிருந்தார் ஹான்காக். ஜோன் பிறகு கணவரிடமே திரும்பி வந்தார். லெ மெஷரர் மனைவியை ஏற்றுக்கொண்டார், நண்பனையும் வெறுக்கவில்லை. 1968-இல் ஹான்காக் சிட்னியில் தற்கொலை செய்துகொண்டார். இதையெல்லாம் நேரில் பார்த்த ஜோன் பின்னாளில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். வேதனை இல்லாமல் இருந்திருக்காது. அதை அடுத்தவர் தலையில் இறக்கி வைக்காத மனிதர் அவர். திரையில் நாம் பார்க்கும் பெருந்தன்மை அவர் வீட்டிலும் இருந்தது.

அந்த 1968 ஜூலை 31 அன்று பிபிசி-யில் 'டாட்ஸ் ஆர்மி' தொடங்கியது. எழுதியவர்கள் ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும். 1940 மே மாதத்தில், ஹிட்லரின் படை எந்த நேரமும் இங்கிலாந்தில் இறங்கலாம் என்ற நிலையில், போர் அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். ராணுவத்தில் சேர முடியாதவர்கள் தங்கள் ஊரைக் காக்கத் தொண்டர்களாக முன்வர வேண்டும் என்றார். இரண்டே மாதத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். அதுதான் ஹோம் கார்ட். ஜிம்மி பெர்ரி சிறுவயதில் அதில் இருந்தவர். வால்மிங்டன்-ஆன்-சீ என்ற கற்பனை ஊரின் ஹோம் கார்ட் பிளட்டூன்தான் தொடரின் கதை. வெளிப்புறக் காட்சிகளை நார்ஃபோக்கில் தெட்ஃபோர்ட் பக்கம் எடுத்தார்கள். 1977 வரை 80 பகுதிகள். உச்சத்தில் ஒரு பகுதியை 1 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள்.

பிளட்டூனின் கேப்டன் மேனரிங், ஊர் வங்கியின் மேலாளர். ஆர்தர் லோ நடித்தார். சார்ஜென்ட் வில்சன், அதே வங்கியின் தலைமைக் குமாஸ்தா. இது லெ மெஷரர். பார்த்த மாத்திரத்தில் யாரும் மாற்றித்தான் நினைப்பார்கள். மேட்டுக்குடிப் பேச்சுள்ள லெ மெஷரர் கேப்டன், குட்டையாகத் தடித்த லோ சார்ஜென்ட் என்று. எழுத்தாளர்கள் அதைப் புரட்டிப் போட்டார்கள். மேனரிங் சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, படித்து, அடிமேல் அடிவைத்து மேலே வந்தவர். வில்சன் பிறப்பாலேயே எல்லாம் பெற்றவர், எதற்கும் ஆசைப்படாதவர். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரைப் பார்த்துத் தாழ்வு மனப்பான்மை. அந்த 80 பகுதிகளும் இந்த முரணைச் சுற்றியே நிற்கின்றன. இன்னொரு விஷயம்: உண்மையான யுத்தத்தில் லெ மெஷரர்தான் கேப்டன். லோ சார்ஜென்ட்-மேஜர் வரை போனவர்.

ஒரு காட்சியை நிதானமாகப் பார்ப்போம். தொடரில் பல முறை வெவ்வேறு வடிவத்தில் வருவதுதான். மாதா கோயில் கூடத்தின் சிறிய அறை. மேனரிங் மேஜைக்குப் பின்னால் விறைப்பாக நிற்கிறார். ஆட்களை அணிவகுத்து நிற்கச் சொல்லுங்கள், குரலில் மிடுக்கு இருக்க வேண்டும் என்கிறார். "சரி சார்" என்கிறார் வில்சன். சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருக்கிறது. கைப்பட்டி லேசாக மடிந்திருக்கிறது. கூடத்துக்குப் போகிறார். அங்கே கசாப்புக் கடைக்காரர், ஈமச் சடங்கு நடத்துபவர், ஓய்வுபெற்ற முதியவர், சின்னப் பையன் என்று பல வயதுக்காரர்கள். அவர்களிடம் போய், சிரமம் இல்லையென்றால் மூன்று வரிசையாக நிற்க முடியுமா என்று கேட்கிறார், தேநீர் விருந்துக்கு அழைப்பதுபோல். அவர்களும் நிற்கிறார்கள்!

அதிகாரத்தால் முடியாததை மரியாதை முடித்துவிடுகிறது. அது மேனரிங்குக்குப் பொறுக்கவில்லை. பொருமிக்கொண்டே வெளியே வருகிறார். இனிமேல்தான் லெ மெஷரரின் நடிப்பு. அவர் மேனரிங்கைப் பார்ப்பதில்லை. கண்கள் மேனரிங்கின் தோளுக்கு மேல் எங்கோ போகின்றன. விரல் நெற்றியோரம் போய்த் திரும்புகிறது. லோ பேசி முடிக்கும்வரை அந்த முகத்தில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் இரக்கம், கொஞ்சம் அலுப்பு, தனக்குள் அடக்கிய புன்னகை. மேனரிங் ஒரு அபத்தமான திட்டத்தை விளக்குகிறார். வில்சன் மெல்ல மூச்சிழுத்து, இது புத்திசாலித்தனமா சார் என்று கேட்கிறார். சிரிப்பு முழுக்க லோவுக்குத்தான் போகிறது. அவர் முகம் சிவப்பதற்குத்தான் அரங்கு அதிர்கிறது. அந்தச் சிரிப்புக்கு வழி திறந்துவிட்டவர் லெ மெஷரர்.

அவர் இந்தப் பாத்திரத்தை எப்படிப் பிடித்தார்? தன்னையே கொஞ்சம் நீட்டி, ராணுவத்தில் தான் இருந்ததுபோலவே இருந்துவிடலாம் என்று முடிவு செய்ததாகச் சுயசரிதையில் சொல்கிறார். பொத்தானைத் திறந்துவிட்டதும் கைப்பட்டியை மடித்ததும் அவர் சேர்த்தவை. வடமேற்கு எல்லைப்புறத்தில் இருந்த அந்தக் கேப்டன், வால்மிங்டனில் சார்ஜென்டாக வந்து நின்றார்.

வில்சன் சிரிப்புக்காக மட்டும் படைக்கப்பட்டவர் என்று நினைத்தால் இரண்டு பகுதிகளைத் தேடிப் பாருங்கள். 1970-இல் வந்த 'ஏ. வில்சன் (மேனேஜர்)?' என்ற பகுதியில் பக்கத்து ஊர் வங்கிக் கிளைக்கு வில்சனை மேலாளராக்குகிறார்கள். ராணுவப் பதவியும் உயர்கிறது. தன் வாழ்நாள் உழைப்பை இவன் பிறப்பை வைத்தே தாண்டிவிட்டானே என்று மேனரிங் நொறுங்கிப்போகிறார். வில்சன் புதிய கிளைக்குப் போகிறார். முதல் நாளே குண்டு விழுந்து அந்த வங்கி இல்லாமல் போகிறது. பழைய இடத்துக்கே திரும்பி வருகிறார். தனக்கும் ஆசை இருந்தது என்பதை அந்த மனிதர் அன்றைக்கு மட்டும்தான் காட்டுகிறார், அதையும் ஒரே பார்வையில் மறைத்துக்கொள்கிறார். 1972-இல் வந்த 'கெட்டிங் தி பேர்ட்' பகுதியில் வில்சன் ஒரு இளம்பெண்ணோடு இருப்பதைப் பிளட்டூனில் உள்ள ஃப்ரேசர் பார்த்துவிடுகிறார். ஊர் வம்பு பேசத் தயாராகிறது. அவள் அவருடைய மகள். முறிந்துபோன ஒரு பழைய திருமணத்தின் மகள், இப்போது கடற்படைச் சேவையில் இருக்கிறாள். நான்கு ஆண்டுகளாக நாம் சிரித்துப் பார்த்த மனிதருக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது. லெ மெஷரர் அந்த இடத்தில் குரலைக்கூட மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையே இல்லாதபடி அத்தனை ஆண்டுகளாக அந்தச் சோகத்தை முகத்தில் வைத்திருந்தார்.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும். கேட்கப்பட வேண்டிய வாதம்தான். அவர் தன்னையே நடித்துவிட்டுப் போனார், அதில் நடிப்பு எங்கே இருக்கிறது என்பார்கள். அவரே அப்படிச் சொல்லியிருப்பதால் வாதத்துக்கு வலு கூடுகிறது. இதற்குப் பதிலாக 1971 அக்டோபரில் பிபிசி 'பிளே ஃபார் டுடே' வரிசையில் ஒளிபரப்பிய 'டிரெய்டர்' நாடகத்தை வைக்கிறேன். எழுதியவர் டென்னிஸ் பாட்டர், இயக்கியவர் ஆலன் பிரிட்ஜஸ்.

பிரிட்டிஷ் உளவுத்துறையில் உயர்ந்த இடத்தில் இருந்துகொண்டே பல ஆண்டுகள் சோவியத் யூனியனுக்கு வேலை செய்து, 1963-இல் மாஸ்கோவுக்குத் தப்பியோடிய கிம் ஃபில்பியை நீங்கள் அறிவீர்கள். ஃபில்பி பிறந்தது நம் நாட்டின் அம்பாலாவில், 1912-இல். லெ மெஷரர் பிறந்த அதே ஆண்டு. ஃபில்பியின் சாயலில் பாட்டர் படைத்த பாத்திரம் ஏட்ரியன் ஹாரிஸ். மாஸ்கோவில் ஒரு மங்கலான குடியிருப்பு. மேற்கத்தியப் பத்திரிகையாளர்கள் பேட்டி எடுக்க வருகிறார்கள். ஹாரிஸ் வரவேற்கிறார், மது ஊற்றுகிறார், குடிக்கிறார். நாட்டைக் காட்டிக் கொடுத்தாயே என்ற கேள்வி வேறு வேறு உருவத்தில் வருகிறது. இடையிடையே சிறுவயது நினைவுகள் வெட்டி வெட்டி வருகின்றன: கண்டிப்பான வீடு, விடுதிப் பள்ளி, பயந்த சிறுவன்.

வில்சனிடம் இருந்த அதே மரியாதைதான் ஹாரிஸிடமும் இருக்கிறது. அதே குரல், அதே தயக்கம், நெற்றிக்குப் போகும் அதே விரல். ஆனால் வில்சனின் மரியாதை அடுத்தவர் மூச்சுவிட இடம் கொடுத்தது; ஹாரிஸின் மரியாதை அவர் ஒளிந்துகொள்ளும் அறை. கேள்வி நெருங்க நெருங்க அவர் இன்னும் கண்ணியமாகிறார். குடி ஏற ஏற அந்தக் கண்ணியம் உடைந்து, உள்ளே இருக்கும் பயந்த சிறுவன் வெளியே வருகிறான். தான் துரோகம் செய்தது தன் வர்க்கத்துக்கே தவிர நாட்டுக்கு அல்ல என்று அவர் நம்ப விரும்புகிறார், அந்த நம்பிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. ஷெர்பர்ன் பள்ளியை வெறுத்த மாணவனுக்கு இந்த மனிதனை நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் தெரிந்ததை வைத்து இவ்வளவு தூரம் போக ஒரு பெரிய நடிகரால்தான் முடியும். தன்னையே நடிப்பவருக்கு ஒரே குரலை வைத்து இரண்டு எதிரெதிரான மனிதர்களை உருவாக்க வராது. அந்த ஆண்டின் சிறந்த தொலைக்காட்சி நடிகர் விருதை, இன்று பாஃப்டா என்று அழைக்கப்படும் அமைப்பு அவருக்கு வழங்கியது. 'டாட்ஸ் ஆர்மி' சிரிப்பில் நாடே மூழ்கியிருந்த காலத்தில் இது நடந்தது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அவர் குரலைப் பற்றித் தனியாகவே பேசலாம். எழுபதுகளில் 'பாட்' என்ற சின்னஞ்சிறு கார்ட்டூன் தொடருக்குக் கதைசொல்லி அவர்தான். ஒரு தலைமுறைக் குழந்தைகள் அந்தக் குரல் கேட்டு வளர்ந்தார்கள். ஹோம்பிரைட் மாவு விளம்பரத்தில் சமையலறைகளுக்குள் ஒலித்ததும் அந்தக் குரல். 1981-இல் பிபிசி வானொலி 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை நாடகமாக்கியபோது முதியவர் பில்போவாகப் பேசினார். அதே ஆண்டு 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்' தொடரில் பாதிரியாராக வந்தார். மிகச் சிறிய வேஷம், இருந்தும் நினைவில் நிற்கிறது.

குடி அவர் ஈரலைக் கெடுத்திருந்தது. 1977-இல் வந்த 'டாட்ஸ் ஆர்மி' கடைசி வரிசையைப் பார்த்தால் அவர் எவ்வளவு மெலிந்துவிட்டார் என்பது தெரியும். சீருடை உடம்பில் தொங்குகிறது. நடிப்பில் மட்டும் தளர்ச்சி இல்லை. 1983 நவம்பர் 15 அன்று கென்ட் கடற்கரை ஊரான ராம்ஸ்கேட்டில் காலமானார். 'தி டைம்ஸ்' நாளிதழில் வந்த அறிவிப்பை அவரே முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தார். நவம்பர் 15-ஆம் தேதி தான் மண்டையைப் போட்டுவிட்டதை அனைவருக்கும் தெரிவிக்க விரும்புவதாகவும், குடும்பத்தையும் நண்பர்களையும் பிரிந்து தான் மிகவும் வருந்துவதாகவும் அதில் இருந்தது. இருப்பவர்கள் போனவரை நினைத்து வருந்துவதுதான் வழக்கம். போகிறவர் இருப்பவர்களை நினைத்து வருந்தினார். சாவு அறிவிப்பிலும் அடுத்தவர் மனத்தை இலகுவாக்கப் பார்த்த மனிதர். மறு ஆண்டு அவருடைய சுயசரிதை வெளிவந்தது. கிடைத்த வேலையைச் செய்துவிட்டுப் போகும் தினக்கூலி நடிகன் என்ற பொருளில் 'எ ஜாபிங் ஆக்டர்' என்று பெயர் வைத்திருந்தார். தன் தொழிலை அவர் பார்த்த விதம் அது.

நண்பர்களே, சினிமாவை ரசிப்பது என்றால் பெரும்பாலும் பேசுகிறவரைப் பார்ப்பது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். கேமராவும் அங்கேதான் போகிறது, விருதும் அங்கேதான் போகிறது. லெ மெஷரர் கற்றுத் தருவது வேறு. ஒரு காட்சியின் உண்மை, பேச்சைக் கேட்கிறவர் முகத்தில் பாதிக்குமேல் இருக்கிறது. செல்லர்ஸ் எவ்வளவு பெரிய வெடிக்காரர், ஹான்காக் எவ்வளவு பெரிய குமுறல்காரர், லோ எவ்வளவு பெரிய அகங்காரத்தைப் படைத்தார் என்பதை, அவர்கள் எதிரில் நின்று கேட்ட இவர் மூலம்தான் நாம் அளக்கிறோம். அந்த வேலைக்குத் தன்னம்பிக்கை வேண்டும். தன்னைக் காட்டிக்கொள்ளத் துடிக்காத மனம் வேண்டும். ரெபர்டரியில் பெற்ற பயிற்சியும் பிறவியில் வாய்த்த இனிய சுபாவமும் சேர்ந்து அவருக்கு அதைக் கொடுத்தன.

பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'ஐ'ம் ஆல் ரைட் ஜாக்'. வாட்டர்ஸ் வரும் காட்சிகளை இரண்டு முறை பாருங்கள். அடுத்து 'தி பஞ்ச் அண்ட் ஜூடி மேன்'. பிறகு 'டாட்ஸ் ஆர்மி'யின் முதல் பகுதியும், நான் சொன்ன அந்த இரண்டு பகுதிகளும். இவையெல்லாம் முடித்து அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றும்போது 'டிரெய்டர்' பாருங்கள். வில்சனைத் தெரிந்தவருக்கே ஹாரிஸ் முழுதாகப் புரியும்.

ஒரு திரைப்படக் கலாசாரம் எவ்வளவு முதிர்ந்தது என்பதை அதன் நட்சத்திரங்களை வைத்து மட்டும் நான் கணக்கிட மாட்டேன். இரண்டு நிமிடம் வந்து போகும் ஒருவரை அது எவ்வளவு நன்றாக வளர்த்தது, எவ்வளவு அன்போடு நினைவில் வைத்திருக்கிறது என்று பார்ப்பேன். அந்தக் கணக்கில் பிரிட்டிஷ் சினிமாவும் தொலைக்காட்சியும் பெருமைப்பட நிறைய இருக்கிறது. அந்தப் பெருமையில் ஜான் லெ மெஷரருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு என்று உறுதியாகச் சொல்லி அமைகிறேன்.